பெயர் கொடுக்கும் சனிக்கிழமை

மே மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆலயத்தின் பதினான்கு மின்விசிறிகளும் நின்றுவிட்டன. பாலாற்றுப் பக்கத்து ஜன்னல்கள் எட்டையும் திறந்து வைத்திருந்தோம். காற்று வரவில்லை, தோல் பதனிடும் ஷாப்பு வாடைதான் வந்தது. ஆண்கள் பக்கம் நூற்றுப் பதினொரு பேர், பெண்கள் பக்கம் நூற்று அறுபத்து நான்கு பேர். ஆள் எண்ணுவது என் வேலை. நான் அந்தச் சபையின் உபதேசியார். ஐயருக்கு, அதாவது போதகருக்கு, உதவியாகச் சபைக் காரியங்களைப் பார்க்கிற சம்பள ஊழியன்.

அந்த நேரத்தில்தான் மூப்பர் ஆசீர்வாதம் எழுந்து நின்று சாட்சி சொன்னார். மைக் வேலை செய்யவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

இது நடந்து பத்து வருடம் ஆகிறது. இப்போது எழுதக் காரணம், போன வாரம் நம் சபைச் செயலாளரான தம்பி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, புதுப்பித்தல் வாரத்துக்கு மலர் போடுகிறோம், பழைய ஊழியர் என்ற முறையில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதுதான். தலைப்பையும் அவரே சொன்னார்: ‘கடவுளுக்கே முதலிடம்’. நல்ல தலைப்பு. பிறகு, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்.

“அடுத்த மாசத்துல இருந்து சனிக்கிழம பேர் குடுக்கறது கெடையாதுங்க ஐயா. டைம் வேஸ்ட். ஃபோன்லயே ஒரு ஃபார்ம் போட்டுட்டோம். டிக் பண்ணா போதும்.”

“எதுக்கு டிக்?”

“திருவிருந்துக்கு வர்றேன்னு.”

“வேற கேள்வி ஒண்ணும் இல்லையா?”

“வேற இன்னா கேள்வி?”

முப்பத்து நான்கு வருடம் ஊழியம் செய்தவன் நான். சபை எதனால் புதிதாகும், எதனால் ஆகாது என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆகவே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் மலரில் போட வேண்டாம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணிதத்தில் பட்டம், இரண்டு வருட உபதேசியார் பயிற்சி, திருப்பத்தூர் பக்கம் மூன்று சிறு சபைகள். அங்கெல்லாம் ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வைக்கவும் காணிக்கை எண்ணவும் கற்றுக்கொண்டேன். வேலை என்றால் என்ன என்று கற்றது, ஆம்பூருக்குக் கிழக்கே நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற நம் சபைக்கு மாற்றலாகி வந்து, ஐயர் பாக்கியநாதனிடம் சேர்ந்த பிறகுதான்.

இப்போதைய இளைஞர்களுக்காக அந்தச் சனிக்கிழமை முறையை விளக்க வேண்டியிருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சைரசமும் வாங்குகிற ஆராதனை. அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல், திருவிருந்து எடுக்க விரும்புகிறவர்கள் ஐயர் வீட்டுக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். பல சபைகளில் இது வெறும் பெயர் கொடுத்தலாகத் தேய்ந்துபோயிருந்தது. சிலர் அடுத்த வீட்டுக்காரரிடமே சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஐயர் பாக்கியநாதன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் நேரில் வர வேண்டும், தனியாக உள்ளே வர வேண்டும்.

அவர் குள்ளமான மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் முக்காலியில் உட்காருவார். பக்கத்தில் வெந்நீர் டம்ளர். கேட்பது மூன்றே கேள்வி, எப்போதும் ஒரே வரிசையில். ஆண்டவரோடு எப்படி இருக்கிறாய்? வீட்டில் யார் யாரோடு பேசுகிறாய்? வெளியில் உன்னால் யாருக்காவது தூக்கம் போயிருக்கிறதா?

“எல்லாம் நல்லா இருக்குது ஐயரே” என்று ஒருவர் எழப் பார்த்தால், “எல்லாம்னா யாரு யாரு?” என்பார். அதற்குப் பிறகு அந்த ஆள் சீக்கிரம் எழ முடியாது.

நான் வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து வருகிறவர் என்னிடம் வந்தால் பெயர் எழுதுவேன். வராமல் பக்கத்து கேட் வழியாகச் சந்தில் இறங்கிப் போனால், ஐயர் அவரை யாரிடமோ அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். பேசி முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் பெயர் உண்டு. ஒரு ஹைஸ்கூல் வாத்தியார், காம்பவுண்டுச் சுவர்த் தகராறில் சொந்த அண்ணனோடு நான்கு வருடம் பேசாதவர், பக்கத்து கேட் வழியாகப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“பேசிட்டேன் ஐயரே.”

“இன்னா பேசின?”

“சாப்ட்டியான்னு கேட்டேன்.”

“அவர் இன்னா சொன்னாரு?”

“ஒடம்பு கிடம்பு சரியில்லையாடா உனக்குன்னு கேட்டாரு.”

“போதும். போய் பேர் எழுதிக்க.”

ஜன்னல் திறந்திருக்கும், என் காதும் நன்றாகவே கேட்கும். கேட்டதை வெளியே விடக்கூடாது என்பது ஐயரின் கட்டளை. இங்கே எழுதுவதெல்லாம் சபை முழுக்க அறிந்தது, அல்லது சம்பந்தப்பட்டவர்களே எழுதச் சொன்னது.

இனி ஆசீர்வாதத்தின் சாட்சி.

அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். சபையில் மூப்பர், அதாவது நிர்வாகக் குழுவில் ஒருவர். சம்பளத்தில் பத்தில் ஒன்றை வாங்கின அன்றே காணிக்கையாகக் கட்டிவிடுவார். அதே லைனில் மிஷின் தைத்தவர் நம் சபைப் பெண் புஷ்பராணி. புருஷன் இறந்துபோய் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தவர். ஒருநாள் வெட்டிக் கட்டி வைத்த தோல் துண்டுகளில் இரண்டு கட்டு குறைந்தது. அன்று மாலை கேட்டில் பை சோதிக்கும்போது புஷ்பராணியின் பையில் கையகலத் தோல் துண்டு ஒன்று இருந்தது. குப்பைக் கூடையிலிருந்து எடுத்தது, மகளின் ஸ்கூல் பைக்கு ஒட்டுப் போட. “அப்போ அந்த ரெண்டு கட்டும் இவதான்” என்று ஆசீர்வாதம் அங்கேயே சொன்னார். திருடி என்று பெயர் கட்டி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த ஷூ கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. வேலூரில் தரை துடைக்கிற ஒப்பந்த வேலைக்குப் போனார். பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, கூலி பாதி.

இப்போது அந்த ஞாயிறு. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கடவுளுக்கு முதலிடம் கொடுப்பது பற்றி ஐம்பது நிமிடம் பேசிவிட்டு, ஆண்டவரோடு ஒப்புரவானவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம் என்று அழைத்தார். ஆசீர்வாதம் எழுந்தார். கண்ணில் தண்ணீர்.

“சபையாருக்குத் தோத்திரம். எங்க கம்பெனில ரெண்டு கட்டு காணாம போனதுன்னு நம்ம சபை சகோதரி ஒருத்தங்க மேல பழி விழுந்துது. அந்தக் கட்ட வெளில ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினது நான்தான். எழுத மறந்துட்டேன். மூணு மாசம் கழிச்சி திரும்பி வந்துது. அப்பவும் நான் சொல்லல. பயம். அன்னில இருந்து பதினோரு மாசமா நெஞ்சுல பாரம். நேத்து ஆண்டவர் சமூகத்துல அழுதேன். அவர் என்ன மன்னிச்சிட்டாரு. அந்த நிச்சயம் எனக்குக் கெடச்சிருச்சி.”

அல்லேலூயா என்று ஒரு சத்தம், பிறகு கைத்தட்டல். பிரசங்கியார் இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

நான் பின்சுவரோரம் நின்றிருந்தேன், எல்லாத் தலையும் எனக்குத் தெரியும். ஒரு தலையாவது பெண்கள் பக்கம் ஐந்தாவது வரிசைக்குத் திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. அங்கே புஷ்பராணி உட்கார்ந்திருந்தார். தான் திருடவில்லை என்பது இந்த மனிதருக்குப் பதினோரு மாதமாகத் தெரியும் என்பதை அவர் அந்த நிமிடத்தில்தான், எல்லோரோடும் சேர்ந்து, கைத்தட்டலுக்கு நடுவில் தெரிந்துகொண்டார். எழுந்தார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், வெளியே போய்விட்டார்.

ஆராதனை முடிந்து வாசலில் நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். “அவ்ளோ பெரிய மனுஷன் எழுந்து நின்னு சொல்றாரு, இவ பாட்டுக்கு எழுந்து போறா.” “மன்னிக்க மனசு வேணும்க்கா, எல்லாருக்குமா வருது?” பிரசங்கியார், அந்தச் சகோதரிக்குக் கசப்பு நீங்க எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். பழி சுமந்தவருக்குக் கசப்பு நீங்க ஜெபம்! பழி போட்டவருக்கு மாலை ஒன்றுதான் பாக்கி.

ஐயர் அன்று பீடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்ட செய்தி ஒன்றைச் சொல்லப் போகிறார் என்றால் அப்படித்தான் துடைப்பார்.

ஜூன் முதல் சனிக்கிழமை பெயர் கொடுக்க முதல் ஆளாக வந்தவர் ஆசீர்வாதம். வெள்ளைச் சட்டை, முகத்தில் தெளிவு.

“ஆண்டவரோட எப்படி இருக்கீங்க மூப்பரே?”

“இவ்ளோ நாள் இல்லாத சமாதானம் ஐயரே.”

“சந்தோஷம். வீட்டுல?”

“ஒரு கொறையும் இல்ல.”

“வெளில?”

“அதான் சபையிலயே சொல்லிட்டேனே.”

“புஷ்பராணிகிட்ட சொன்னீங்களா?”

“அவங்களும் அங்கதான உக்காந்திருந்தாங்க.”

“உக்காந்திருந்தாங்க. நீங்க பேசினது அவங்களோடவா?”

வெந்நீர் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது.

“ஐயரே, ஆண்டவருக்குத்தான முதலிடம்? அவரே மன்னிச்ச பெறகு மனுஷங்க கால்ல போய் விழணுமா?”

“முதலிடம் அவருக்குத்தான், குடுத்துட்டீங்க. ரெண்டாவது எடத்துல யார வச்சிருக்கீங்க?”

ஐயரே பதிலும் சொன்னார்.

“உங்க வேலைய வச்சிருக்கீங்க. மூணாவது எடத்துல உங்க பேர வச்சிருக்கீங்க. அந்தப் பொண்ணுக்கு எடமே இல்ல.”

“வேல போய்டும் ஐயரே. எம் பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறா.”

“போனாலும் போலாம். அவங்களுக்குப் போச்சே.”

ஆசீர்வாதம் என்னிடம் வரவில்லை. பக்கத்து கேட்டுக்கும் போகவில்லை. முன்வாசலைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்.

ஆறேழு பேருக்குப் பிறகு அவர் மனைவி கமலா வந்தார். அதிகம் பேசாத அம்மாள்.

“வீட்டுல ஒரு கொறையும் இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போனாரே?” என்றார் ஐயர்.

“அவருக்குத் தெரியாதுங்க ஐயரே. அன்னிக்கி சாட்சி சொன்னதுல இருந்து நான் அவரோட பேசறதில்ல. பதிமூணு நாளாச்சு. அவரு இன்னும் கவனிக்கல.”

வராந்தாவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஐயரும் இருமினார்.

“அந்தப் பொண்ணு வீட்டு வாசப்படிய இவரு மிதிக்கற வரைக்கும் பேச மாட்டேன். சோறு வைப்பேன், துணி தொவைப்பேன், பேச மாட்டேன்.”

“அப்போ உங்க பேரையும் எழுத முடியாதும்மா.”

“எழுத வேணாங்க. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

மறுநாள் திருவிருந்தில் ஆசீர்வாதம் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூப்பர்களில் எப்போதும் முதலாவதாக எழுகிற மனிதர். அன்றைக்குச் சாயங்காலமே குழுவினர் நான்கு பேர் ஐயர் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய மனிதரை அவமானப்படுத்தலாமா, ஆலயக் கூரை வேலைக்கு அவர்தானே பெரிய தொகை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார்கள். ஆண்டவருக்கு முதலிடம் என்று பேசுகிற அதே வாய்கள்தான். கூரைக்கு எத்தனையாவது இடம் என்று நானே கேட்டிருப்பேன். ஐயர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு ஐயர் என்னை ஆசீர்வாதத்தின் வீட்டுக்கு அனுப்பினார். கமலா சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னார். சொல்ல அந்த அம்மாளின் சம்மதத்தையும் வாங்கியிருந்தார். இந்த வேலை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தரப்படுவதில்லை.

“இன்னா உபதேசியாரே, எம் பொண்டாட்டி எங்கூட பேசறதில்லன்னு நீங்க வந்துதான் எனக்குச் சொல்லணுமா?”

“எனக்கும் அது வெக்கமாத்தான் இருக்குது மூப்பரே.”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, “ஏய் கமலா, நெஜமாவா?” என்றார். உள்ளே ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்பட்டது. கொஞ்சம் பலமாக. மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு நாள் வீட்டில் ஒரு குரல் நின்றுபோனது தெரியாமல், ஆண்டவரோடு சமாதானம் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடிந்திருக்கிறது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எத்தனை பேர் வீட்டில் இப்படி என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

புதன்கிழமை அவரே என்னைத் தேடி வந்து, “கூட வர்றீங்களா?” என்றார். ஏழரை மணிக்கு வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த புஷ்பராணியை அவர் வீட்டு வாசலில் பார்த்தோம். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

“புஷ்பா, நான் பண்ணது தப்பு. என்ன மன்னிச்சிரும்மா.”

புஷ்பராணி பையைக் கீழே வைத்தார்.

“இப்பவாச்சும் எங்கிட்ட சொன்னீங்களே, நல்லது. ஆனா திருடின்னு என்ன வாசல்ல தனியா வச்சி சொல்லல நீங்க. கம்பெனி கேட்ல, ஷிப்ட்டு பொம்பளைங்க அத்தன பேரும் நிக்கறப்ப, பைய கவுத்துக் கொட்டுனீங்க. சோத்து டப்பா உருண்டுக்கினு ரோடு வரைக்கும் போச்சு. எம் பேரு இன்னும் அங்கதான் கெடக்குது மூப்பரே.”

“அதான் சபையில அத்தன பேர் முன்னால சொன்னேனேம்மா.”

“சபையில யாரும் என்ன திருடின்னு சொல்லலியே. ஏன் அங்க போய் சொன்னீங்க?”

கைத்தட்டிய அந்தச் சபையில் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. கணிதத்தில் ஒரு படியை விட்டுவிட்டு விடை எழுதினால் மதிப்பெண் கிடையாது. பக்தியில் மட்டும் அப்படி விட்டுவிட்டவருக்கு எழுந்து நின்று மரியாதை செய்கிறோம். காணிக்கையைப் பீடத்தில் வைக்கும் முன்பு போய் ஒப்புரவாகு என்று கட்டளையிட்டவர், நாம் முதலிடம் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்கிற அதே ஆண்டவர்தான். அவருக்கு முதலிடம் என்றால், அவர் போகச் சொன்ன இடத்துக்குப் போவது. அவரையே சாக்காகக் காட்டி அந்த இடத்தைத் தாண்டிப் போவது அல்ல.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போனோம். முதலாளி வயதான ஹாஜி. ஜும்மா தொழுகை முடிந்து வந்து தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா ஆசீர்வாதம், சர்ச்சு ஆளோட வந்துக்கற? பொண்ணுக்குக் கல்யாணமா?”

ஆசீர்வாதம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் முதலாளி டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

“உனுக்கு இத சொல்ல இவ்ளோ நாளா?”

“பயம் சாப்.”

“அந்தப் பொண்ணுக்குக் கணக்கு முடிக்கறப்ப கம்மியா குடுத்து அனுப்புனேன், திருடியாச்சேன்னு. அந்தப் பாவம் இப்ப எம் மேலயும் இருக்குது, புரியுதா? நீ உங்க ஆண்டவர்கிட்ட அழுதுட்ட. நான் யார்கிட்ட அழுவுறது?”

நாற்பது வருடம் பிரசங்கம் கேட்டவன் நான். இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

“கேட்ல சொல்லணும்னு கேக்குதா அந்தப் பொண்ணு? நாயமான பேச்சு. சொல்லு, நானும் நிக்கறேன். சூப்பர்வைசர் வேல இனிமே உனுக்குக் கெடையாது. ஸ்டோர்ல உக்காரு, சம்பளம் கம்மிதான். வேற யாராயிருந்தாலும் வெளிய அனுப்பியிருப்பேன். நீயே வந்து சொன்னதால இது.”

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு சங்கு ஊதியது. கூடையும் பையுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். பை சோதிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஆசீர்வாதம் நின்றார். அவருக்குப் பின்னால் முதலாளி, கொஞ்சம் தள்ளி நான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் புஷ்பராணி, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்.

ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கினார். மேசையைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில்.

“சத்தமா சொல்லுண்ணே, பின்னால கேக்கல!” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். வேண்டுமென்றே கத்தவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை.

முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். புஷ்பராணி திருடவில்லை, தவறு என்னுடையது, தெரிந்தும் மறைத்தேன், எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். ஆண்டவர் தன்னை மன்னித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். யாரும் கைதட்டவில்லை. வயதான ஒருத்தி மட்டும், “பாவி மனுஷா, அவ அன்னிக்கி இன்னா அழுகை அழுதா தெரியுமா உனுக்கு?” என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். பெண்கள் பலர் ரோட்டைக் கடந்து புஷ்பராணியைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு புஷ்பராணி மேசை வரைக்கும் வந்தார். ஆசீர்வாதத்தைப் பார்த்தார்.

“சரி” என்றார். அவ்வளவுதான்.

முதலாளி பழைய பாக்கியைக் கொடுத்து வேலைக்கும் திரும்பக் கூப்பிட்டார். புஷ்பராணி பாக்கியை வாங்கிக்கொண்டார். “அந்தக் கேட்ல இன்னொரு தடவ பைய நீட்ட மாட்டேன் சாப்” என்று வேலையை மறுத்துவிட்டார். பெயர் திரும்பிவிட்டதால் பேர்ணாம்பட்டு ரோட்டில் வேறு கம்பெனியில் அடுத்த மாதமே சேர்ந்தார்.

ஜூலை முதல் சனிக்கிழமையைப் பற்றித்தான் நான் மலருக்கு எழுத விரும்பியது. வழக்கமாக நூற்று நாற்பது, நூற்றைம்பது பேர் பெயர் கொடுப்பார்கள். அன்று நான்கு மணிக்கு முன்பே சந்து வரைக்கும் ஆட்கள். கேட்டில் நடந்தது ஊரெல்லாம் பரவியிருந்தது. பக்கத்து கேட் வழியாக முப்பத்தேழு பேர் இறங்கிப் போனார்கள். ஐயர் அனுப்பியவர்கள் பாதி, கேள்விக்கே காத்திராமல் தாங்களாகப் போனவர்கள் பாதி. ஒரு நர்ஸம்மா தன் நாத்தனாரைத் தேடிக் குடியாத்தத்துக்கே பஸ் ஏறினார். ஆறு மணிக்கு மேல் திரும்பி வந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வெளியூர்ப் பிரசங்கியார் இல்லை.

கமலா உள்ளே போய், “இப்ப பேசறேன் ஐயரே. கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசறேன்” என்றார். வெளியே நின்ற ஆசீர்வாதம், “ஆமா, ஆமா” என்றார்.

புஷ்பராணி வந்தபோது ஐயர் மூன்றாவது கேள்விக்கு வந்து நிறுத்தினார். புஷ்பராணியே பதில் சொன்னார்.

“மூப்பரோட பேசறேன் ஐயரே. எதிர்ல பாத்தா தோத்திரம் சொல்றேன். ஆனா புடிக்கல.”

“புடிக்கணும்னு நான் கேக்கலம்மா. போய் பேர் எழுதிக்க.”

நானே எழுதினேன். அன்றைய பெயர் இருநூற்றுப் பன்னிரண்டு.

இதைத்தான் இப்போது ஃபோனில் டிக் போட்டு முடிக்கப் போகிறீர்கள். அந்த ஃபார்மில் மூன்று கேள்வியையும் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எல்லோரும் மூன்றுக்கும் டிக் போடுவார்கள். எல்லாம் என்றால் யார் யார் என்று ஃபோன் திருப்பிக் கேட்காது. உங்கள் புதுப்பித்தல் வாரத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறீர்கள், எண்ணிவிட்டேன். ஆண்டவரின் பெயருக்கு அடியில் குழு உறுப்பினர் ஒன்பது பேரின் படம். அந்த ஒன்பதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசி மூன்று வருடம் ஆகிறது. யார் என்று சபைக்கே தெரியும். ஒரே பேனரில், பக்கத்துப் பக்கத்தில் சிரிக்கிறார்கள்! சனிக்கிழமையை நிறுத்துகிற தீர்மானத்தில் இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

செலவையும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ஆசீர்வாதத்தின் சம்பளம் குறைந்தது, அதனால் காணிக்கையும் குறைந்தது, கூரை வேலை தள்ளிப்போனது. ஐயரை ஒன்றும் செய்ய முடியாது, அவர் திருச்சபை மேலிடம் அனுப்பிய ஆள். ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் என்னைப் பிடித்தார்கள்.

“நீங்கதான அவர கேட்டு வரைக்கும் கூட்டிக்கினு போனீங்க?” என்றார் ஒருவர்.

“அவர்தான் என்னக் கூட்டிக்கினு போனாரு.”

“எப்படியோ, வருமானம் கம்மியாய்டுச்சி இல்ல?”

சபையிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த வீட்டு வாடகைப் படி மாதம் அறுநூறு ரூபாயை நிறுத்தினார்கள். வருமானக் குறைவு என்று காரணம். ஓய்வு பெறும்வரை திரும்பத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மலரின் கடைசிப் பக்கத்தில் புதுப்பித்தலுக்கு நன்கொடை தந்தவர்களின் பட்டியல் வருமாம், உங்கள் பெயருக்கு எவ்வளவு போடட்டும் என்று தம்பி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நிறுத்திய படி எண்பத்து மூன்று மாதம், மாதம் அறுநூறு வீதம். போட்டுக்கொள்ளுங்கள்: நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்.